அன்னத்துக்குக் கைகாட்ட முடியாது

மார்ச் 3
எங்கள் இசைக்குழுவின் அடுத்த நிகழ்ச்சிக்கான இசைத்தாள்கள் வந்தாயிற்று. தலைப்பு ‘மனிதனும் உலகமும்’. இவ்வளவு பெரிய தலைப்பைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் தேர்வைக் குறை சொல்ல முடியாது: முதலில் இயற்கையைப் பாடும் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி, இடைவேளைக்குப் பிறகு பின்லாந்து இசையமைப்பாளர் ரௌதவாரா 1972இல் பறவைக் குரல் பதிவுகளோடு எழுதிய ‘கான்டுஸ் ஆர்க்டிகுஸ்’. இரண்டிலும் என் கிளாரினெட்டுக்கு வேலை உண்டு.

மார்ச் 9
பீத்தோவன் ஒத்திகை. இரண்டாம் பகுதி முடியப்போகும் இடத்தில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, புல்லாங்குழல் நைட்டிங்கேல் பறவை ஆகிறது, ஓபோ என்ற துளைக்கருவி காடை ஆகிறது, கிளாரினெட் குயில். இறங்கிவரும் இரண்டே சுரம். இசைக்குழு நடத்துநர் கைகாட்டினால்தான் குயில் கூவும். டிம்பனி என்ற பெரிய முரசு வாசிப்பவர் பாவம், சிம்பொனி முழுக்க அவருக்குப் புயலைக் காட்டும் பகுதியில் மட்டும்தான் வேலை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்தச் சிம்பொனி முதலில் அரங்கேறியது 1808 டிசம்பர் 22, வியன்னாவில். நடுக்கும் குளிரில் நான்கு மணி நேரக் கச்சேரி. இயற்கைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அன்று வந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

மார்ச் 14
இன்று ‘கான்டுஸ் ஆர்க்டிகுஸ்’, ஒலிநாடாவோடு ஒத்திகை. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியும் பின்லாந்தின் லிமின்கா சதுப்பு நிலத்திலும் பதிவுசெய்த பறவைக் குரல்கள். அவற்றோடு சேர்ந்துதான் நாங்கள் வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு புல்லாங்குழல்கள் மட்டும். இலையுதிர்காலத்தையும் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியையும் நினைத்துக்கொள்ளச் சொல்லி அங்கே இசைத்தாளில் குறிப்பு இருக்கிறது. புல்லாங்குழல்காரர் படித்துவிட்டுச் சிரித்தார்; அப்புறம் வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் பகுதியில் ஒரு சின்ன வானம்பாடியின் குரலை ரௌதவாரா இரண்டு ஸ்தாயி இறக்கியிருக்கிறார். கேட்டால் ஏதோ பெரிய பிராணி முனகுவது போல இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், நாடாவில் இருக்கும் பறவை தாளம் பார்க்காது. நாம் பிந்தினால் அது நிற்காது. பீத்தோவனில் பறவை எங்கள் மூச்சுக்குள் இருக்கிறது. இங்கே நாங்கள்தான் அதற்கு இடம்விட்டு வாசிக்க வேண்டும். எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது. பீத்தோவனையும் தப்பு சொல்ல முடியாது. தன் சிம்பொனி ஓவியம் தீட்டுவதைவிட உணர்வைச் சொல்வது என்று அவரே எழுதிவைத்தார்.

மார்ச் 21
கச்சேரி முடிந்தது. குயில் சரியாகவே கூவியது. கடைசிப் பகுதியில் அன்னங்கள் கூட்டமாக வலசை போகும் இடத்தில் ஒலிப்பதிவாளர் சத்தத்தைக் கூட்டிவிட்டார், நாங்களும் விடாமல் ஏற்றினோம். நடத்துநர் இரண்டு தரம் எங்களைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். அன்னங்களிடம் அவர் பாச்சா பலிக்கவில்லை.