உழவாரம் எடுத்தவர் கை வைக்கக் கூடாத இடங்கள்

சிவாலயத்தில் நால்வர் வரிசையில் அப்பர் பெருமானை அடையாளம் காண்பது எளிது. தோளில் சாய்ந்தபடி ஒரு நீண்ட காம்பு, அதன் முனையில் தட்டையான அகன்ற இரும்பு. அதுதான் உழவாரப்படை. மண்வெட்டிபோல ஓங்கி வெட்டுகிற கருவி இல்லை அது. தரையோடு தரையாகத் தள்ளி, புல்லை அடியில் செதுக்கி எடுப்பதற்கானது. கோயிலைச் சுற்றி வரும் பிராகாரமான திருச்சுற்றில் ஆழமாக வெட்டினால் பள்ளம் விழும். பள்ளத்தில் மழைநீர் நிற்கும். நின்ற நீர் சுவரின் அடிக்கல்லுக்குள் இறங்கும். மேலே இருக்கும் களையை மட்டும் எடுத்துவிட்டு, கீழே இருக்கும் நிலத்தை இருந்தபடியே விட வேண்டும். கோயிலைச் சுத்தம் செய்யும் இந்த உழவாரப் பணியில் பழகப் பழகத் தெரிவது இதுதான்: எதைச் செய்வது என்பதைவிட, எதில் கை வைக்காமல் இருப்பது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் பிடிக்கிறது.

உழவாரப் பணிக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் ஒருமுறையாவது திருப்புகலூர் போய் வருவது நல்லது. நாகப்பட்டினம் மாவட்டம், நன்னிலத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில் இருக்கிறது. கோயிலைச் சுற்றி அகழிபோல அக்னி தீர்த்தம். உள்ளே அக்னீசுவரர், கருந்தார்குழலி அம்மை. அப்பர் பெருமான் 81 வயதில் சித்திரைச் சதயத்தன்று இறைவனோடு கலந்த தலம் இது. அவர் இங்கே திருமுற்றத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின என்று பெரிய புராணம் சொல்கிறது. அவற்றை அவர் புல்லோடும் கல்லோடும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். இதே தலத்தில்தான் சுந்தரர் தலைக்கு வைத்துப் படுத்த செங்கல் பொன்னானதும். அவருக்கு அது வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார். இவருக்கு வேண்டியிருக்கவில்லை, எறிந்துவிட்டார். ஒரே வாசலில் இரண்டையும் நினைத்தபடி நிற்கும்போது மனசு நிறைகிறது. வீடு கட்டப் போகிறவர்கள் இன்றைக்கும் செங்கல் கொண்டுவந்து பூசித்து எடுத்துப் போகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை கடிதம். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கோ, அறங்காவலர் இல்லாத இடத்தில் பொறுப்பு வகிக்கும் தக்காருக்கோ, தேதி, எத்தனை பேர், எந்தெந்த இடத்தில் என்ன வேலை என்று எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே அனுமதி வாங்க வேண்டும். "குருக்களிடம் சொல்லியாயிற்று" என்பது போதாது. தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் நாமாகப் போய் எதையும் சுத்தம் செய்யக் கூடாது. நம்மை அதிகம் தேடுபவை கிராமத்து ஒருகால பூஜைக் கோயில்கள்தான். அங்கே குருக்கள் ஒருவரே பக்கத்து ஊர்க் கோயிலையும் சேர்த்துப் பார்ப்பார். எத்தனை மணிக்கு நடை திறப்பார், தண்ணீர் எங்கிருந்து எடுப்பது, மோட்டார் ஓடுமா என்று ஒரு வாரத்துக்கு முன்பே ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். நாற்பது பேர் வேனில் போய் இறங்கிய பிறகு கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் பாதி நாள் வீண்.

சிறிய கோயிலுக்கு இருபத்தைந்து பேர் தாராளம். அதற்கு மேல் வந்தால் கருவி போதாது. கை சும்மா இருக்கிறவர்கள் தொடக் கூடாததைத் தொடுவார்கள். இருபத்தைந்து பேருக்கு ஆறு மண்வெட்டி, பத்துக் களைக்கொத்தி, எட்டுக் கதிரரிவாள், பத்துச் சாந்துச் சட்டி, பதினைந்து தென்னை விளக்குமாறு, நீளக் காம்பில் கட்டிய ஒட்டடைக் கம்பு நான்கு, வாளி பத்து. சீயக்காய்த் தூள் இரண்டு கிலோ, அரிசி மாவு மூன்று கிலோ, தேங்காய் நார், பழைய பருத்தி வேட்டித் துணி, ஒரு மூட்டை உமி அல்லது மரத்தூள். கையுறை எல்லோருக்கும் வேண்டும். திருச்சுற்றுக்குள் செருப்புப் போட முடியாது என்பதால் முள் குத்தத்தான் செய்யும். முதலுதவிப் பெட்டியில் முள்வாங்கியும் மஞ்சளும் பஞ்சும் இருக்கட்டும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவது மேல். மடைப்பள்ளி சுவாமியின் நைவேத்தியத்துக்கு. அதில் நமக்குச் சமைக்கக் கேட்கக் கூடாது.

அப்பர் தம் நெஞ்சுக்குச் சொல்லும் தாண்டகத்தில் வேலையின் வரிசை இருக்கிறது: பொழுது புலர்வதற்கு முன் அலகிட்டு, மெழுகி, பிறகு பூமாலை, பிறகு பாட்டு. அலகிடுதல் என்றால் பெருக்குவது. பாட்டு கடைசியில்தான் வருகிறது. ஆனால் பலர் முதலில் ஒரு மணி நேரம் கூட்டு வழிபாடு நடத்திவிட்டு, வெயில் ஏறிய பிறகு மண்வெட்டியைத் தொடுகிறார்கள். ஒரு தேங்காய் உடைத்து விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஆறு மணிக்கே குனிந்துவிட்டால் பத்து மணிக்குள் கடினமான வேலை முடிந்துவிடும்.

வெளித் திருச்சுற்றில் மூன்று களைகள்தான் பெரும்பாடு. நெருஞ்சியை மஞ்சள் பூ விடும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். காய் முள்ளாகிவிட்டால் செடியை இழுக்கும்போதே முள் உதிர்ந்து மண்ணில் தங்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் பத்துச் செடி. அந்த நிலைக்கு வந்துவிட்டால் செடியைச் சாக்கின் மேல் வைத்து மெதுவாகச் சுருட்டி எடுத்து, உதிர்ந்ததை ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கோரையை மேலே அறுப்பதால் பயனே இல்லை. கிழங்கு கீழே இருக்கும், ஒரு வாரத்தில் மறுபடி தலைகாட்டும். முந்தின நாள் தண்ணீர் விட்டு மண்ணை நெகிழ வைத்து, களைக்கொத்தியால் கிழங்கோடு எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறையோடு. வெறுங்கையில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரும். வெட்டியதை எல்லாம் மதிலோரம் குவித்துவிட்டு வருவதுதான் எங்கும் நடக்கிற தவறு. குவியல் பாம்புக்கு வீடாகும். அதை வெளியேற்ற ஒரு வண்டியை முன்கூட்டியே பேசி வைக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

கோபுரத்திலும் விமானத்திலும் முளைக்கிற அரசு, ஆல், அத்தி வேறு கதை. பறவை எச்சத்தில் வந்த விதை செங்கல் இடுக்கில், சுண்ணாம்புச் சாந்தில் முளைக்கிறது. கீழிருந்து பார்க்கும்போது ஒரு முழக் கன்றாகத்தான் தெரியும்; உள்ளே வேர் அதைப்போலப் பல மடங்கு ஓடியிருக்கும். அதைப் பார்த்ததும் ஏறிப் பிடுங்கத்தான் கை துறுதுறுக்கும். பிடுங்கினால் வேரோடு செங்கலும், சுண்ணாம்புச் சாந்தில் செய்த சுதை உருவத்தின் கையும் சேர்ந்து வந்துவிடும். தண்டை மட்டும் வெட்டினால் வேர் முன்னைவிட வேகமாகத் தழைத்துப் பருக்கும். விரல் நீளத்துக்குள் இருக்கிற நாற்றை, மழை பெய்து சாந்து ஈரமாக இருக்கும்போது, கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் நாம் எடுக்கலாம். மற்றதையெல்லாம் எந்த நிலை, எந்தத் திசை என்று குறித்து, படத்தோடு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வேரை மருந்து வைத்து முழுக்கப் பட்டுப்போகச் செய்துவிட்டு, பிறகு அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பது ஸ்தபதியின் மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை. சிமெண்டால் அடைத்தால் சுண்ணாம்புக் கட்டுமானத்தோடு அது ஒட்டாது. இடைவெளியில் நீர் புகுந்து அதே இடத்தில் மறுபடி முளைக்கும்.

உள்ளே வேலை மேலிருந்து கீழ். முதலில் ஒட்டடை, பிறகு தூண், கடைசியில் தரை. ஆர்வத்தில் தரையை முதலில் கழுவிவிட்டால் மேலிருந்து விழும் தூசி ஈரத்தில் ஒட்டிச் சேறாகிவிடும். வௌவால் எச்சம் இருக்கிற மண்டபத்தில் முகமூடி இல்லாமல் நுழையக் கூடாது. காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு வழித்தெடுக்க வேண்டும். விபூதி, குங்குமம் மட்டும் இதற்கு நேர் எதிர். தூணின் சிற்ப இடுக்குகளில் பக்தர்கள் கொட்டிவிட்டுப் போனதை, உலர்ந்த நிலையிலேயே மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் பட்டதோ, குழைந்து இடுக்கெல்லாம் இறங்கிவிடும். குங்குமச் சாயம் கல்லில் ஏறிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்குத்தான் இருப்பதிலேயே பொறுமையைக் கேட்கிற வேலை. விளக்கு ஏற்றும் இடத்தில் வருடக்கணக்காகச் சிந்திய எண்ணெயும் புகையும் தூசியும் சேர்ந்து கறுப்பு அரக்குபோல இறுகியிருக்கும். இரும்புத் தகடு போட்டுச் சுரண்டினால் கல்லில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொட்டாங்குச்சியின் விளிம்பாலோ மூங்கில் பட்டையாலோ மேல் படலத்தை வழித்துவிட்டு, உமியைத் தூவி எண்ணெயை உறிய விட வேண்டும். அதைப் பெருக்கியபின் அரிசி மாவையும் சீயக்காயையும் வெந்நீரில் கூழாகக் கரைத்துப் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவித் துணியால் ஒற்ற வேண்டும். பழைய பிசுக்கு ஒரே தடவையில் போகாது. மூன்று தடவை ஆகும், சில இடங்களில் அடுத்த மாதமும் வர வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் யாராவது ஆசிட் புட்டியை எடுப்பார். ஆசிட் சுதையையும் சுண்ணாம்புச் சாந்தையும் நுரைத்துக் கரைத்துவிடும். கருங்கல்லிலும் மஞ்சள் கறை ஏற வாய்ப்புண்டு. பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் எந்திரம் கல் இடுக்குச் சாந்தைப் பெயர்க்கும். மணல் வீச்சு தடை செய்யப்பட்ட ஒன்று. சிற்பத்தின் கூர்மையையும் கல்வெட்டு எழுத்தையும் சேர்த்தே தேய்த்துவிடும். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அழுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போக வேண்டும் என்று நினைப்பதுதான் இத்தனைக்கும் காரணம்.

கல்வெட்டு பெரும்பாலும் கருவறைச் சுவரிலும் அதன் அடியில் இருக்கும் அதிட்டானத்தின் ஜகதி, குமுதப் பட்டைகளிலும் இருக்கும். வெள்ளையடித்து மறைந்திருந்தால், சுரண்டிப் படிக்க ஆசைப்படக் கூடாது. தூசியை மெல்லத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியில் பூ நாரும் பால் கசடும் சந்தனமும் அடைத்திருக்கும். அதை மூங்கில் சிம்பால்தான் எடுக்க வேண்டும், கடப்பாரை போட்டால் உள்ளே கல் இணைப்பு விரியும். கருவறை வாசற்படியைத் தாண்டி நமக்கு வேலை இல்லை. மூலவர், கோஷ்ட தெய்வங்கள், பஞ்சலோக உற்சவர் எல்லாம் குருக்களின் பொறுப்பு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கலாம், ஆனால் உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். புளி தங்கினால் களிம்பு ஏறும்.

மண்ணில் ஏதாவது கிடைத்தால்? சிலை, செப்பேடு, காசு எதுவானாலும் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிட்டு, செயல் அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை. கழுவிப் பார்ப்பதும் படம் எடுத்துப் பரப்புவதும் கூடாது. அந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்ற செய்தி அதில் அழிந்துபோகும். திருப்புகலூர் முற்றத்தில் பொன் கிடைத்தபோது அப்பர் அதன்மேல் ஒரு கணமும் நிற்கவில்லை என்பதை அப்போது நினைத்துக்கொண்டால் போதும்.

"இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்னால் என்ன ஆகும்" என்று தயங்குகிற பெரியவர்களுக்குத் திருவாரூரைச் சொல்ல வேண்டும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். ஐந்து வேலி என்றால் ஏறக்குறைய 33 ஏக்கர். அந்தக் கமலாலயக் குளம் தூர்ந்து சுருங்கியபோது, நாயன்மார்களில் ஒருவரான, கண் தெரியாத தண்டியடிகள் கரையிலும் குளத்துக்குள்ளும் கழி நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவியபடியே இறங்கி ஏறி மண் சுமந்தார். இங்கே கவனிக்க வேண்டியது அந்தக் கயிறு. தம்மால் எது முடியாது என்று தெரிந்து, அதற்கொரு வழி செய்துகொண்டுதான் அவர் வேலையைத் தொடங்கியிருக்கிறார். முழங்கால் மடங்காதவர் உட்கார்ந்து திரி திரிக்கலாம், பூக் கட்டலாம், விளக்குத் துலக்கலாம். கணக்கு எழுத ஒருவர் எப்போதும் தேவை: எத்தனை கருவி உள்ளே போனது, எத்தனை திரும்பி வந்தது என்று. புல்லுக்குள் மறந்துபோன ஓர் அரிவாள் அடுத்து வருகிற குழந்தையின் காலைப் பதம் பார்க்கும்.

மூன்று மணிக்கு மேல் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. கருவிகளைக் கழுவித் துடைத்து, இரும்பில் கொஞ்சம் எண்ணெய் தடவிக் கட்டி வைத்துவிட்டு, குளித்து, மாலைப் பூஜையான சாயரட்சையின் தீபாராதனைக்கு நிற்கலாம். கோயிலைத் தினமும் பெருக்குகிற அம்மாவுக்கு நான்கு புது விளக்குமாறும் ஒரு களைக்கொத்தியும் கொடுத்துவிட்டு வருவது, நாம் அன்றைக்குச் செய்த அத்தனை வேலையையும்விட நெடுநாள் நிற்கும். தேவாரம் பாடியபடி திருச்சுற்றை ஒருமுறை வெறுங்காலோடு வலம் வந்தால், எந்த மூலையில் நெருஞ்சி மிஞ்சியிருக்கிறது என்று பாதம் சொல்லிவிடும். அங்கே நின்று, குனிந்து, அதையும் எடுத்து மடியில் முடிந்துகொண்டு நடக்க வேண்டும்.