"சுருக்கமா எழுது"ன்னு சொன்னா பசங்க எதை வெட்டுறாங்க?

ரொம்ப வருஷமா பேப்பர் திருத்தும்போது ஓரத்துல "சுருக்கமாக எழுதவும்"னு சிவப்பு மையில கிறுக்கிட்டு அடுத்த பேப்பருக்கு போயிடுவேன். அடுத்த டெஸ்ட்ல விடை பாதியா குறைஞ்சிருக்கும், ஆனா எது போயிருக்குன்னு பாத்தா காரணமும் உதாரணமும், "என்பதை நாம் அனைவரும் அறிவோம்" மட்டும் பத்திரமா உக்காந்திருக்கும். எதை வெட்டணும்னு நான் காட்டவே இல்லையே, அப்புறம் அவங்கள என்ன சொல்றது.

ஒருநாள் அவங்க எழுதுன வரியையே பேர் சொல்லாம போர்டுல போட்டேன். "தாவரங்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்தி உணவு தயாரிக்கும் செயலினை மேற்கொள்கின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம்." 12 சொல். ஒவ்வொண்ணா கையால மறைச்சுட்டு படிங்க, அர்த்தம் மாறலன்னா அடிச்சிடுங்கன்னேன். கடைசி நாலு சொல் உடனே காலி. அப்புறம் "தயாரிக்கும் செயலினை மேற்கொள்கின்றன", இதுல தயாரிக்கிறதுன்னு வினை கையிலயே இருக்கு, அதுக்கு எதுக்கு இன்னொரு வினை முட்டு குடுக்கணும்? கடைசில நின்னது "தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன", 5 சொல். மேற்கொள்ளுதல், காணப்படுதல், விளங்குதல் இந்த மூணையும் வட்டம் போட சொன்னாலே பாதி கொழுப்பு கரைஞ்சிடும், என் அனுபவத்துல.

ஆனா ருசி கண்டுட்டா நிறுத்த மாட்டாங்க. "உலோகங்கள் பெரும்பாலும் அறை வெப்பநிலையில் திடமாக இருக்கும்"ல ஒரு பொண்ணு 'பெரும்பாலும்'ஐ தூக்கிடுச்சு, அப்போ பாதரசம்னு கடைசி பெஞ்ச்லேர்ந்து ஒரு குரல், கிளாஸே சிரிப்பு. அன்னிக்குத்தான் நன்னூல்ங்கிற இலக்கண நூல் எழுத்துல வரக்கூடாதுன்னு சொல்ற பத்துக் குற்றத்தை எடுத்தேன், மிகைபடக் கூறல் (தேவைக்கு மேல சொல்றது) அதுல ரெண்டாவதுதான், முதல்ல நிக்கறது குன்றக் கூறல், அதாவது தேவையானதைக் குறைச்சு சொல்றது. அதனால 'சில', 'மட்டும்', 'பெரும்பாலும்' மாதிரி அளவு சொல்ற சொல்லுல கை வைக்கக்கூடாதுன்னு ஒரு ரூல் போட்டோம். மூணாவதா வர்ற கூறியது கூறல்தான் வெட்டுறதுக்கு ரொம்ப ஈஸி, முதல் வரிய கடைசி பத்தில திரும்ப எழுதாத பிள்ளைய நான் பாத்ததே இல்ல.

எழுதும்போதே வெட்ட சொல்லாதீங்க, பேனா நகராது. வீட்டுப்பாடத்துல மொதல்ல நீளமா எழுதட்டும், மறுநாள் அதையே மூணுல ஒரு பங்கா குறைக்க சொல்லுங்க. பரிட்சையில அதுக்கு டைம் கிடையாது, அங்க மட்டும் விடைய பக்கத்துல இருக்கறவனுக்கு சொல்ற மாதிரி மனசுல ஒரே மூச்சுல சொல்லிப் பாத்துட்டு (வாய் அசைஞ்சா மாட்டிப்பீங்க!) அப்புறம் எழுத ஆரம்பிக்கட்டும்.