கொள்ளுப்பிட்டி ஒழுங்கையில் ஓர் இத்தாலியப் பலசரக்குக் கடை

நேற்று அதிகாலை கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பினேன். அப்போதிலிருந்து வீட்டில் என் வாயில் வருவதெல்லாம் ஒரு கடையைப் பற்றிய பேச்சுத்தான். கொள்ளுப்பிட்டியில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு குடும்பம் இத்தாலிய உணவுப் பொருட்களை இறக்குமதி செய்து விற்கிறது. தகப்பன், தாய், மகள் ஆகிய மூவரே அங்கு முதலாளிகளும் வேலையாட்களும்.

கடைக்குப் போய்ச் சேரும் முன்னரே என் செலவுக் கணக்கு குழம்பிவிட்டது. வெள்ளவத்தையில் நான் ஏறிய ஓட்டோவின் சாரதி மீற்றர் பழுது என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது 1,500 ரூபா கேட்டார். ஆறேழு கிலோமீற்றர் கூட இல்லாத தூரத்துக்கு இது அநியாயம். வாதாடி 1,200 ரூபா கொடுத்தேன், ஆனாலும் மனம் ஆறவில்லை. காலி வீதியால் போகும் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறியிருந்தால் சொற்பக் காசோடு முடிந்திருக்கும். ஏறும் முன்னரே விலையைப் பேசிக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்தபோது, தகப்பனார் ஒரு பெரிய பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் துண்டின் முன் நின்றார். கையில் வாதுமைக் கொட்டை வடிவில் குட்டையான கத்தி. அதன் முனையைக் குத்தி மெல்லத் திருப்பியதும், கருங்கல் பிளப்பதுபோல் சீஸ் தானாகவே கரடுமுரடாகப் பிரிந்தது. "இதை வெட்டக் கூடாது தம்பி, உடைக்க வேணும். அப்பதான் மணி மணியா வரும்" என்றபடி ஒரு சிறு துணுக்கை நீட்டினார். பல்லில் நறநறத்தது. உப்பென்று நினைத்தேன், நெடுநாள் முதிர்ந்ததால் புரதம் சிதைந்து உருவாகும் பளிங்குத் துகள்கள் அவை என்று மகள் விளக்கினார். ஒரு முழு வட்டின் எடை ஏறத்தாழ 40 கிலோ. அதற்கு 550 லீற்றர் அளவில் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதெனா மாகாணங்களும் பொலோஞ்ஞா, மாந்துவா ஆகியவற்றின் சில பகுதிகளும் தவிர வேறெங்கும் செய்ததற்கு அந்தப் பெயர் கிடையாது. தோல் முழுவதும் புள்ளிகளால் பொறித்த எழுத்துகளைக் காட்டினார். குப்பியில் அடைத்து 'பார்மசான்' என்று விற்கும் தூளை இனி நான் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை.

பாஸ்தாவின் அருமையைப் புரியவைத்தவர் தாயார். இரண்டு பைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று கண்ணாடிபோல் மஞ்சளாக மினுங்கியது. மற்றது மாப் பூசியதுபோல் வெளிறிச் சொரசொரத்தது. முன்னது வழுவழுப்பான டெப்லான் அச்சில் பிழிந்தது, பின்னது வெண்கல அச்சில் பிழிந்து குறைந்த சூட்டில் மெதுவாக உலர்த்தியது. இடியப்ப உரலோடு வளர்ந்த நமக்கு அச்சின் அருமையைச் சொல்லித் தரத் தேவையில்லை. இடியப்பம் சொதியை உறிஞ்சுவதுபோல், அந்தச் சொரசொரப்புத்தான் தக்காளிக் குழம்பைப் பிடித்து வைக்கிறது.

விலை? 200 கிராம் சீஸும் ஒரு பை பாஸ்தாவும் எனது இரண்டு நாள் சாப்பாட்டுக் காசை விழுங்கிவிட்டன. ஆனாலும் ஓட்டோவுக்குக் கொடுத்ததில் எரிந்த வயிறு இங்கே எரியவில்லை, ஏனெனில் எதற்காக இந்த விலை என்று கேட்க முன்னரே சொன்னார்கள். குளிரூட்டிய கொள்கலன், சுங்கத் தீர்வை, எல்லாவற்றுக்கும் மேலாக டொலர். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டபோது, இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, தட்டுகள் வெறுமையாகக் கிடந்ததாம். அப்போதும் கதவை மூடாமல், இருந்த தக்காளி டின்களை வைத்துக்கொண்டே காலையில் வந்து திறந்திருக்கிறார்கள். பெரிய அங்காடிகளில் பொருள் இருக்கலாம். அதை உடைத்துத் தந்து, சுவைக்க வைத்து, வாங்காமல் போனாலும் முகம் சுளிக்காத மனிதர்களை நான் அங்கு கண்டதில்லை.

இரவு பஸ்ஸில் சீஸ் கெட்டுவிடுமோ என்ற என் கவலைக்கு, எண்ணெய்த்தாளில் சுற்றி அதன் மேல் பத்திரிகைத் தாளால் இறுக்கிக் கட்டித் தந்தார் தாயார். வாசல்வரை வந்து, "தோலை எறிஞ்சு போடாதேங்கோ, பருப்பு அவியேக்க போடுங்கோ" என்றார். அந்தத் தோல் இப்போது குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, பருப்பு ஊறப் போட்டாயிற்று.