நடுவில் இருந்த கட்டடம்

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்களுக்குத் தெரியும், 'தங்கத் தராசு' வீட்டின் முன் எல்லாக் குழுவும் கேட்பது ஒரே கேள்வி: இது எந்தக் காலத்து வீடு? அன்றும் 1619 என்றேன். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்ததையும் 2018இல் மீண்டு வந்ததையும் சேர்த்தேதான் சொன்னேன். பொய் எதுவும் இல்லை.

குழு கலைந்ததும், ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். "குண்டுவீச்சைச் சொன்னீர்கள், புது வீடுகளைச் சொன்னீர்கள். நடுவில் இங்கே என்ன இருந்தது?"

எனக்குத் தெரியும். நகராட்சியின் தொழில்நுட்பத் துறைகளுக்காக 1974இல் முடித்த பெரிய கான்கிரீட் அலுவலகம். அவர் அங்கே வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவராம்.

"அதை இடித்ததால்தானே இந்தத் தெருக்கள் திரும்பி வந்தன?" என்றேன்.

"நாங்களும் அப்போது நகரத்தைப் புதுப்பிக்கிறோம் என்றுதான் சொன்னோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

என் பக்கமும் நியாயம் உண்டு. 1944 மார்ச்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகளை இழந்த ஊர் இது. இப்போது இங்கே கட்டிய 35 வீடுகளில் 15தான் பழைய வடிவத்தின் மறுபிறப்பு. மற்ற 20ம் பழைய தெரு அகலத்துக்கும் கூரைச் சரிவுக்கும் கட்டுப்பட்ட புது வீடுகள். இதை சினிமா செட் என்பவர்கள் தராசு வீட்டின் கீழ்த்தளத்துச் செம்மணற்கல்லைக் கிட்டே போய்ப் பார்க்கட்டும். அந்தச் செதுக்கு வேலையும், மேலே தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மாடிகளும் தொழில் தெரிந்த கைகளின் வேலை. இந்தக் காலத்திலும் அந்தக் கைகள் இருக்கின்றன என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் அதே வீடுகள் எதன்மேல் நிற்கின்றன? எழுபதுகளில் தோண்டிய சுரங்க ரயில் பாதைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் மேலே. பெரியவரின் காலத்தைத் தரைக்கு மேலே இடித்துவிட்டோம், கீழே அதுதான் இவற்றைத் தாங்குகிறது. இதைத்தான் அவரிடம் சொல்லியிருக்கலாமோ என்று அடிக்கடி தோன்றும். சொல்லியிருந்தால் மட்டும் ஆறுதல் ஆகியிருக்குமா? அவர் கேட்டது ஆறுதலும் இல்லை. தான் உட்கார்ந்து வேலை பார்த்த இடம் கதையில் வரவில்லையே என்று கேட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த அலுவலகத்தின் பழைய படம் ஒன்றை எடுத்துப்போகத் தொடங்கினேன். நேரம் இருக்கிற குழுக்களுக்குக் காட்டுகிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் "நல்லவேளை, இடித்தார்கள்" என்கிறார்கள். உண்மையில் எனக்கும் அந்தக் கட்டடம் பிடித்ததில்லை, அதனால் மறுத்துப் பேச வாய் வருவதில்லை. அவர் கேட்டதைத்தான் செய்கிறேனா, இல்லை அதை ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை இடிக்க வைக்கிறேனா?