ரிப்போர்ட்டில் நார்மல்னு போட்டுக் கொடுங்க

தென் மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் இஇஜி டெக்னீஷியனாக இருக்கிறேன். தலையில் ஒயர் ஒட்டி மூளையில் ஓடும் மின் அலைகளைப் பதிவு செய்கிற வேலை. ஓ.பி.யில் டாக்டருக்கு ஒரு ஆளோடு பேச மூன்று நிமிடம் கிடைத்தாலே அதிகம், வரிசை அப்படி. எனக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. டேப் வைத்துத் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பேஸ்ட் தடவி ஒவ்வொரு எலக்ட்ரோடாக ஒட்டி முடிப்பதற்குள் ஆட்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, நான் தலைக்குப் பின்னால்தான் நிற்கிறேன். டாக்டரிடம் சொல்லாததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுப்போம். ஆனாலும் பாதிப்பேர் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரித்தான் வருவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீட்டாகப் போக வேண்டாமா என்று. எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு நிற்காது, ஷாம்பு பாக்கெட் வாங்கிவரச் சொல்லி வெளியே குழாயடிக்கு அனுப்புவோம். அடுத்து வருவது கரண்ட் பயம். "ஷாக் வைப்பீங்களா சிஸ்டர்?" என்று கேட்காதவர்கள் குறைவு. நாங்கள் எதையும் உள்ளே செலுத்துவதில்லை, உங்கள் தலையில் ஓடுவதை எழுதி வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

இதெல்லாம் சின்ன விஷயம். அடிக்கடி வரும் இன்னொரு கோரிக்கைதான் என்னை இதை எழுத வைக்கிறது. வலிப்பு உள்ள பெண்ணைப் படுக்கவைத்துவிட்டு அம்மா என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "தை மாசம் கல்யாணம் வச்சிருக்கோம், ரிப்போர்ட்டில் நார்மல்னு போட்டுக் கொடுங்க." நான் போட முடியாது, படிப்பது டாக்டர் என்பேன். அதைவிட முக்கியமாக, நார்மல் என்று வந்தாலும் அதற்கு அவர்கள் நினைக்கிற அர்த்தம் கிடையாது. வலிப்பு இல்லாத நேரத்தில் அரைமணி நேரம் எடுக்கிற பதிவு அது. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "நார்மல்னு வந்துடுச்சு, சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, மறுபடி விழுந்து தலையில் தையலோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்படி மறைத்துக் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். தாய் வீட்டில் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டவள், வலிப்பு வந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. போன இடம் கூட்டுக் குடும்பம், சமையலறையில் எப்போதும் நாலு பேர். மாத்திரையை சாந்துப்பொட்டு டப்பாவுக்கு அடியில் பஞ்சுக்குள் வைத்திருந்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து விழுங்க வேண்டும், ஆள் இல்லாத நேரமே கிடைக்காத வீடு. ஒருநாள் விட்டு, இரண்டு நாள் விட்டு, கடைசியில் அடியோடு நின்றுபோனது. 108-இல் கொண்டுவந்தபோது ஒரு வலிப்பு முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்துகொண்டிருந்தது. ஐசியூவில் கிடந்து பிழைத்தாள். அவளுடைய மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்து, இலவசமாகக் கிடைக்கிற மருந்து. அதைச் சாப்பிடுகிற இடத்தைத்தான் பறித்துவிட்டோம்.

மறைக்கிறவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வராது. இந்து திருமணச் சட்டமே 1976 திருத்தத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் வலிப்பை மனநோயோடு சேர்த்துக் கல்யாணத்துக்குத் தடையாக வைத்திருந்தது, சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படித்தான். 1999-இல்தான் திருத்தம் கொண்டுவந்து வலிப்பை எடுத்தார்கள். சட்டம் மாறியது பல வக்கீல் குமாஸ்தாக்களுக்கே தெரியாது, அந்த அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது. டிரைவிங் லைசென்ஸும் இதே கதை. விண்ணப்பத்தோடு கொடுக்கிற படிவம் 1-இல் வலிப்பு உண்டா என்று கேள்வி இருக்கிறது, ஆமாம் என்று டிக் செய்தால் லைசென்ஸ் கிடையாது. பிரிட்டனில் ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருந்தால் கார் ஓட்ட விடுகிறார்கள். நம் ஊரில் ஒரேயடியாக முடியாது என்பதால் உண்மையைச் சொல்கிறவன் பிழைப்பை இழக்கிறான், இல்லை என்று டிக் செய்தவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். யாருக்கு இதனால் பாதுகாப்பு என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்றும், சரியாகக் கண்டுபிடித்து வைத்தியம் செய்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குப் புது மருந்துதான் வேண்டும் என்றில்லை. 1912-இல் வந்த ஃபினோபார்பிடோனும் 1938-இல் வந்த ஃபெனிடாயினும் இன்றும் எங்கள் பார்மசி ஜன்னலில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பெங்களூரு நரம்பியல் டாக்டர் கே.எஸ்.மணியும் குழுவினரும் 1990-களில் கர்நாடகத்தின் எளந்தூர் பகுதிக் கிராமங்களில் இந்த இரண்டு மலிவான மருந்துகளை மட்டும் வைத்துக்கொண்டே பெரும்பாலானவர்களுக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். பழைய மருந்துக்குத் தொந்தரவும் உண்டு, ஒன்றில் தூக்கம், ஒன்றில் ஈறு வீக்கம். இப்போது லெவெட்டிராசிட்டம் என்ற புது மருந்தும் கிடைக்கிறது.

சரி, எங்கள் பெஞ்சைப் பற்றிச் சொல்கிறேன்.

என் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. மாத்திரை வாங்க வருகிற நாளில் அதில் உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள்தான் இன்று கூட்டமாகக் கூடுகிறார்கள். ஆரம்பித்துவைத்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர், இருபது வயதிலிருந்து வலிப்பு உள்ளவர், எதையும் சத்தமாகத்தான் பேசுவார். "எனக்கும் ஃபிட்ஸ்தான், உனக்கும் ஃபிட்ஸ்தான், அப்புறம் என்னத்துக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்க?" என்று புது ஆளிடம் கேட்டேவிடுவார். எங்கள் சமூகப் பணியாளர் ஒரு சின்ன அறையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். மாத்திரை நாளிலேயே கூட்டம் வைக்கிறோம், வீட்டில் தனியாகக் காரணம் சொல்ல வேண்டாம் பாருங்கள்.

அங்கே நடக்கிற பாடம் நாங்கள் நடத்துகிற பாடத்தைவிட உருப்படியானது. ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வலிப்பு வருகிறது, அம்மன் குத்தம், பரிகாரம் செய்தாயிற்று, ஒன்றும் கேட்கவில்லை என்றாள். எதிரே இருந்த பாட்டி பட்டென்று கேட்டார்: "வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பியா? வெந்நியா?" அதேதான். தலையில் சுடுதண்ணீர் ஊற்றும்போது வருகிற வலிப்பு என்று ஒரு வகை இருக்கிறது, தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில் அதிகம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பாட்டியின் பேரனுக்கும் அதுவேதான். தண்ணீர் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு நின்றுவிடும், சிலருக்குக் குளிக்கும் முன் குளோபசாம் மாத்திரை கொடுப்பார்கள். டாக்டரிடம் அவள் வெள்ளிக்கிழமைக் கணக்கைச் சொல்லவே இல்லை, கேலி செய்வார் என்று.

கல்லூரிப் பெண் ஒருத்தி காலையில் காபி டம்ளரைக் கை உதறிக் கீழே போடுவதற்காக வீட்டில் தினமும் திட்டு வாங்கியிருக்கிறாள், கவனம் இல்லாதவள் என்று. தூங்கி எழுந்ததும் தோளும் கையும் வெடுக்கென்று உதறுவது வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒரு வகை வலிப்பின் அடையாளம். பரீட்சைக்கு இராத்திரி முழுக்கக் கண் விழித்தாலோ கோயில் கொடைக்கு விடிய விடிய உட்கார்ந்தாலோ மறுநாள் காலை பெரிய வலிப்பாகவே வந்துவிடும். இதற்கு வால்புரோயேட் நன்றாகக் கேட்கும், ஆனால் கர்ப்பத்தில் குழந்தைக்குக் கெடுதல் செய்யக்கூடிய மருந்து என்பதால் இளம் பெண்களுக்குக் கூடியவரை வேறு மருந்து பார்க்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட சிலர் கர்ப்பமானதும் தாங்களே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், அதுதான் இன்னும் ஆபத்து. கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றி, ஃபோலிக் ஆசிட் தொடங்கி, பிறகு குழந்தை பெற்றவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், கைக்குழந்தையோடு வந்து மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். கேரளத்தில் 1998 முதல் இப்படிப்பட்ட கர்ப்பங்களுக்கென்றே பதிவேடு வைத்துத் தொடர்ந்து பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது.

வலிப்புக்குக் காரணம் மூளையில் நாடாப்புழுக் கட்டி என்று ஸ்கேனில் வந்தால் சைவக் குடும்பங்களுக்குக் கோபமே வந்துவிடும். "நாங்க பன்னி திங்கிற ஆளுகளா?" என்று ஒருவர் எகிறினார். புழுவின் முட்டை கழுவாத கீரை, காய்கறி, அசுத்தமான கை வழியாக வரும், மாமிசமே தொடாதவருக்கும் வரும். ஒரு காலத்தில் ஸ்கேனில் தெரியும் இந்தச் சின்னக் கட்டியைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அதற்கு மருந்து கொடுத்தார்கள். 1980-களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அறுவை செய்து எடுத்துப் பார்த்துத்தான், இதில் பலவும் புழுக்கட்டி என்று நிரூபித்தார்கள்.

சாவி விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. போன மாதம் எங்கள் வராண்டாவிலேயே ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது, நரம்பியல் பிரிவு வாசலில், வாட்ச்மேன் ஓடிவந்து கேட் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றுவிடும், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்கவைக்கணும், வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வைக்கக்கூடாது, கைகாலை அமுக்கிப் பிடிக்கக்கூடாது, கடிகாரத்தைப் பார்க்கணும், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே டாக்டர் எழுதிக் கொடுத்து வீட்டில் வைத்திருந்தால் அதை அடிக்கலாம். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில், வகுப்பில் வலிப்பு வந்த சிறுமியின் அப்பாவைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் மளிகைக் கடைக்காரரும் சமூகப் பணியாளரும் போய்ப் பேசினார்கள். தரையில் கடைக்காரரே படுத்துக்கொண்டு பிள்ளைகளை விட்டே தன்னை ஒருக்களிக்கச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அறுபது வயது ஆள், வேட்டியோடு! டி.சி. பேச்சு அதோடு போனது. ஆசிரியர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்களாம்.

சும்மா விழித்தபடி சில நொடி நின்றுபோகிற பிள்ளைகளை எந்தப் பள்ளியும் எங்களிடம் அனுப்புவதில்லை, பாடத்தைக் கவனிக்காத பிள்ளை என்று அடி வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. என் மேஜையில் ஒரு காகிதக் காற்றாடி இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தையிடம் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வேன். காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும், திடீரென்று ஊதுவது நின்றுவிடும், கண் அப்படியே நிற்கும், அதே நேரம் திரையில் அலைகள் விநாடிக்கு மூன்று என்று வரிசையாக எழும்பும். சில நொடி கழித்துக் குழந்தை ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஊதும். இதைத் திரையில் பார்த்த அம்மாக்கள் அதற்குப் பிறகு பிள்ளையை அடிப்பதில்லை.

இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் நிற்காதவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் செய்துவருகிறார்கள், எங்கள் பக்கத்துக்காரர்கள் ரயிலேறிப் போய்வருகிறார்கள். அங்கே வீடியோவோடு நாள்கணக்கில் பதிவு எடுக்கும்போது வலிப்பு வரட்டும் என்று வேண்டுமென்றே மாத்திரையைக் குறைப்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாவிட்டால் குடும்பம் பயந்து பாதியில் திரும்பிவிடும். போய்வந்தவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னால் போதும், நான் சொல்வதைவிட எடுபடும்.

குறைகளும் சொல்ல வேண்டும். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் வலிப்பு தனியாக இல்லை, அதனால் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களைக் கையை விரித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. சப்ளை மாறி மாத்திரை நிறம் மாறினால் மருந்தே மாறிவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். வேலைக்குப் போகிற ஆண்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை, ஒரு நாள் கூலி போகும். கல்யாண வயதுப் பெண்களை அம்மாக்கள் அனுப்புவதில்லை, யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று.

வரன் வீட்டில் வலிப்பை எப்போது சொல்வது என்பதில் கூட்டத்துக்குள்ளேயே சண்டை. நிச்சயம் முடிந்ததும் சொல்லலாம் என்று ஒரு கட்சி, முதலிலேயே சொன்னால் ஒரு வரனும் நிற்காது என்கிறார்கள், அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. மளிகைக் கடைக்காரர் பெண் பார்க்க வந்தவர்களிடமே சொல்லிவிட வேண்டும் என்கிறார். ஆம்பளைக்கு அது சுலபம் என்று அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். என் கட்சி நிச்சயத்துக்கு முன்பு. மாப்பிள்ளையை மட்டும் தனியாக ஓ.பி.க்குக் கூட்டிவரச் சொல்வேன், டாக்டரே பேசட்டும். அப்படி வந்த ஒருவர் குழந்தைக்கும் வருமா என்று மட்டும் கேட்டார், வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் பெரும்பாலும் வராது என்று டாக்டர் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார், வரவில்லை. இன்னொருவர் மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டுப் போனில் அலாரம் வைத்துக்கொண்டு போனார். முடியாது என்று போனவரால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதம் அழுகை, வேறு சேதம் இல்லை, அவள் மாத்திரையை நிறுத்தவில்லை.