டீகால் வேலை பெயிண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது

முடித்து வைத்த ஒரு 1/20 அளவு ஃபார்முலா ஒன் பிளாஸ்டிக் மாடல் காரை விளக்கடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது கண்ணில் படாத ஒன்று சாய்த்ததும் தெரியும். ஸ்பான்சர் எழுத்துகளைச் சுற்றி, வெள்ளி பூசினாற்போல ஒரு மினுக்கம். சில்வரிங் என்பது இதுதான். டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) மட்டமான சரக்கு என்று பலரும் பழியை அதன் மேல் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு அடியில்தான் இருக்கிறது. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட், தூசி விழுந்த பெயிண்ட், தூரத்திலிருந்து அடித்ததில் பாதி காய்ந்து பொடியாக விழுந்த பெயிண்ட், எல்லாமே நுண்ணிய மேடுபள்ளம்தான். டீகால் படலம் மேடுகளின் மேல் உட்கார்ந்துகொள்ள, பள்ளங்களில் காற்று சிக்கிவிடுகிறது. அந்தக் காற்றுதான் வெள்ளியாக மினுங்குகிறது.

அதனால் டீகாலை முதல் நாளிலிருந்தே மனதில் வைத்து கிட்டை (பாகங்களாக வரும் மாடல் தொகுப்பை) கட்ட வேண்டும். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, அச்சில் வந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது எல்லோரும் செய்வது. பலரும் விட்டுவிடுவது பேனல் கோடுகளை. நிஜக் காரில் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி 4 மி.மீ. என்றால், 1/24 அளவில் அது 0.17 மி.மீ. பிரைமர், நிறம், கிளியர் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) என மூன்றும் ஏறியதும் அந்தக் கோடு பாதி தூர்ந்துபோகும். மேலே டீகாலும் வந்தால் கோடு இருந்த இடமே தெரியாது. ஆகவே பிரைமருக்கு முன்பே, 0.15 மி.மீ. ஸ்க்ரைபரால் (கோடு கீறும் கருவியால்) ஒவ்வொரு கோட்டையும் நான்கைந்து முறை லேசாக இழுத்து ஆழப்படுத்துங்கள். அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தால் கருவி வழுக்கி பாடியில் கீறல் விழும்.

சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த கிட் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் லாக்கர் தின்னரில் கரைந்து மேலே ஏறிவரும். வெள்ளை அடித்த இடம் இரண்டு நாளில் இளஞ்சிவப்பாகிவிடும், மேலும் மேலும் வெள்ளை அடித்தும் பயன் இருக்காது. முதலில் ஒரு சில்வர் கோட் அடித்து அந்தச் சாயத்தை அடைத்துவிட்டு, அதன் மேல் பிரைமரும் வெள்ளையும் போக வேண்டும்.

நிறத்தில் அதிகம் தவறு நடப்பது ஃப்ளோரசென்ட் சிவப்பில். 1988ல் 16 பந்தயங்களில் 15ஐ சென்னாவும் புரோஸ்டும் வென்ற மெக்லாரன் எம்பி4/4 நல்ல உதாரணம். படங்களில் சாதாரணச் சிவப்பாகத் தெரிந்தாலும், அது ஆரஞ்சு கலந்த ஃப்ளோரசென்ட். இந்த வகைப் பெயிண்ட் கண்ணாடி போல ஊடுருவிக் காட்டும். அடியில் சுத்த வெள்ளை இல்லாவிட்டால் மங்கிப்போகும். ஒவ்வொரு கோட்டிலும் நிறம் அடர்த்தியாகிக்கொண்டே போவதால், மூக்கு, எஞ்சின் கவர், விங் ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒரே எண்ணிக்கைக் கோட்டில் அடியுங்கள். வெள்ளை முதலில், மாஸ்கிங் டேப் அடுத்து. டேப்பின் விளிம்பில் இன்னொரு மெல்லிய வெள்ளைக் கோட், பிறகுதான் சிவப்பு. விளிம்பில் கசிவதாக இருந்தால் அந்த வெள்ளை கசிந்து அடைத்துக்கொள்ளும், சிவப்பு உள்ளே போகாது.

பாதி பெயிண்ட், பாதி டீகால் என்று அமையும் கார்களில் நிறப் பொருத்தம்தான் பெரிய தலைவலி. வெள்ளையும் கருநீலமுமாக, இடையில் பொன்னிறமும் சிவப்பும் ஓடும் ரோத்மன்ஸ் போர்ஷே 956ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நீலத்தைப் புகைப்படம் பார்த்துக் கலக்காதீர்கள். டீகால் தாளில் உபயோகப்படாத நீலத் துண்டு ஒன்றை வெட்டி, வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனில் ஒட்டி, கிளியர் அடித்துக் காயவிடுங்கள். பக்கத்து ஸ்பூனில் உங்கள் கலவையை அடித்து, அதன் மேலும் கிளியர் போட்டு, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒப்பிடுங்கள். கிளியர் ஏறியதும் நீலம் ஒரு படி அடர்த்தியாகும், அதனால் கிளியர் இல்லாத ஒப்பீடு ஏமாற்றிவிடும். 1991ல் ல மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 55ஆம் எண் மாஸ்டா 787பி-யில் ஆரஞ்சும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறது. அங்கே டீகால் தாளை நகல் எடுத்து அதிலிருந்தே மாஸ்க் வெட்டி, இரு நிறங்களின் இணைப்பும் அந்த வெள்ளைக் கோட்டின் நடுவில் விழும்படி அமைத்துவிட்டால், சின்னச் சின்னப் பிசகுகளை டீகாலே மூடிவிடும்.

பெயிண்ட் காய்ந்ததா என்பதை விரலால் தொட்டு முடிவு செய்ய முடியாது. லாக்கருக்கு ஒரு முழு நாள், எனாமலுக்கு ஒரு வாரம் விடுங்கள். உள்ளே தின்னர் மிச்சம் இருக்கும்போது டீகாலால் மூடினால், பிறகு அது வெளியேற வழி தேடிப் படலத்தைக் கொப்பளமாகத் தூக்கும். பளபளப்பான லாக்கர் என்றால் 3000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டு லேசாகத் தடவினால் போதும். மெட்டாலிக்காக இருந்தால் தேய்க்கவே கூடாது, பளபளப்பான கிளியர் ஒரு கோட் அடித்துவிட்டு ஒட்டுங்கள். 2016ன் ரெட்புல் ஆர்பி12 போன்ற மேட் கார்களுக்கும் இதே வழிதான். பளபளப்பின் மேல் டீகால், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மேட் கிளியர்.

இனி ஒட்டும் வேலை. ஏறக்குறைய 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் டீகாலைப் பத்து விநாடி முக்கி எடுத்து, ஈரமான டிஷ்யூவின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பின்பக்கப் பசை கரைந்து போய்விடும். பசையில்லாத டீகால் முதலில் உட்காருவதுபோல் தெரிந்தாலும் காய்ந்ததும் ஓரம் தூக்கும். ஒட்டும் இடத்தில் செட்டர் என்ற திரவத்தைத் தடவி, தாளைப் பக்கத்தில் வைத்து, டீகாலை இடுக்கியால் தூக்காமல் ஈரத் தூரிகையால் நகர்த்திக் கொண்டுவாருங்கள். இடம் சரியானதும், ஈரப்படுத்திய காட்டன் பட்ஸை நடுவிலிருந்து வெளியே உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். தேய்த்தால் டீகால் நகரும், உருட்டினால் நகராது.

செட்டரையும் சாஃப்டரையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. செட்டர் அடியில் போவது, ஒட்டப் பிடிக்க வைப்பது. சாஃப்டர் மேலே போகும் திரவம், படலத்தையே இளக்குவது. மைக்ரோஸ்கேலின் நீல லேபிள் மைக்ரோ செட், சிவப்பு லேபிள் மைக்ரோ சால் என்பதும் இதே ஜோடிதான். சாஃப்டர் தடவியதும் டீகால் சுருங்கி, பழைய தோல் மாதிரி மடிப்பு மடிப்பாகும். நெஞ்சு படபடக்கும், கை தானாக அதை நோக்கிப் போகும். தொடவே தொடாதீர்கள். காயும்போது அந்த மடிப்புகள் தாமாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் விரல் பட்டால்தான் கிழியும். ஒவ்வொரு அச்சகத்தின் டீகாலும் சாஃப்டரை வேறு மாதிரி தாங்கும். இத்தாலியின் கார்டோகிராஃப் அச்சிடுபவை உறுதியானவை, சூட்டுக்கும் நன்றாக வளையும். மெல்லிய படலம் உள்ளவை வலுவான சாஃப்டரில் கரைந்தே போகலாம். தாளின் மூலையில் அச்சாகியிருக்கும் கிட் எண்ணையோ நிறுவன முத்திரையையோ வெட்டி முதலில் சோதித்துப் பாருங்கள்.

இருபுறமும் வளைந்த இடங்களில், அதாவது மூக்கு நுனி, சைட்பாட் (காரின் பக்கவாட்டுக் கூடு) வாய், ல மான்ஸ் காரின் சக்கர வளைவு போன்றவற்றில், திரவத்தை மட்டும் நம்பினால் ஆகாது. தட்டையான பகுதியை முதலில் படியவைத்துக் காயவிடுங்கள். பிறகு சூடான தண்ணீரில் நனைத்த பட்ஸால் வளைவின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் படியவையுங்கள். மடிப்பு மிஞ்சினால் புதிய பிளேடால் ஒரு சிறு வெட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிவிட்டு, காய்ந்த பின் அந்த வெட்டை அதே நிறப் பெயிண்டால் நிரப்புங்கள். பேனல் கோட்டின் மேல் போகும் டீகாலை முழுதாகக் காய்ந்த பிறகே கோட்டோடு அறுத்து, வெட்டில் சாஃப்டர் விடுங்கள். ஈரத்தில் அறுத்தால் ஓரம் பிசிறாகும்.

சிகரெட் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. புகையிலை விளம்பரத் தடைகளால் இன்று விற்கும் பல கிட்களில் அவை இருக்காது, தனியாக டீகால் தாள் வாங்க வேண்டிவரும். ஆனால் சில நாடுகளின் பந்தயங்களில் அசல் கார்களே அந்தப் பெயர்கள் இல்லாமல்தான் ஓடின. எந்தப் பந்தயத்தின் காரைச் செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த வார இறுதியின் படங்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே சீசனுக்குள் விங், கண்ணாடி, ஸ்பான்சர் எல்லாமே மாறும்.

கூடுதல் பாகங்கள் வாங்கும்போது என் ஒரே அளவுகோல் வகுத்தல் கணக்குதான். 7 மி.மீ. ஸ்பார்க் பிளக் வயர் 1/24ல் 0.3 மி.மீ., 1/20ல் 0.35, 1/12ல் 0.6. எட்டு சிலிண்டர் கொண்ட ஒரு காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினுக்கு இப்படி எட்டு வயர். 1/20ல் 0.5 மி.மீ. வயரைப் போட்டால், ஒரே ஒரு வயரைப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. எட்டும் சேர்ந்ததும் எஞ்சின் மேல் தோட்டத்து ஹோஸ் பைப்புகள் கிடப்பதுபோல் இருக்கும். 3 அங்குல சீட் பெல்ட் 76 மி.மீ., அதாவது 1/20ல் 3.8, 1/24ல் 3.2.

கார்பன் ஃபைபர் நெசவு அச்சிட்ட டீகாலும் இந்தக் கணக்குக்குள் வரும். சாதாரண ட்வில் நெசவில் ஒரு இழை ஏறத்தாழ 2 மி.மீ. அகலம், 1/20ல் 0.1 மி.மீ. ஒரு அடி தள்ளி நின்றும் கட்டம் கட்டமாகத் தெரியும் டீகால் அந்தக் காருக்குப் பெரிது. முழு மோனோகாக்கையும் (ஓட்டுநர் உட்காரும் நடுக்கூடு) கார்பனில் செய்து பந்தயத்துக்கு வந்த முதல் ஃபார்முலா ஒன் கார் 1981ன் மெக்லாரன் எம்பி4/1. அதற்கு முந்தைய லோட்டஸ் 72, 79 போன்றவற்றின் மோனோகாக் அலுமினியம். அங்கே கார்பன் ஒட்டினால் எவ்வளவு சுத்தமாக ஒட்டினாலும் தவறு தவறுதான். ஒட்டும் முறை: பாகத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, விளிம்புகளைப் பென்சிலால் வரைந்து, டேப்பை உரித்து டீகால் தாளின் மேல் ஒட்டி, கோட்டோடு வெட்டுங்கள். நெசவின் சாய்வு இடது வலது இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று வெட்டும் முன்பே பாருங்கள். அடியில் பாதிப் பளபளப்புள்ள கறுப்பு இருந்தால், மூலையில் டீகால் எட்டாத இடமும் கண்ணை உறுத்தாது.

ஃபோட்டோ எட்ச் தகட்டை (நுண்பாகங்கள் பொறித்த மெல்லிய உலோகத் தகடு) ரப்பர் பாயில் வைத்து வெட்டினால் கீழே அமுங்கி வளையும். டைல் அல்லது கண்ணாடி மேல் வைத்து, வளைந்த பிளேடால் அமுக்கி வெட்டுங்கள். சீட் பெல்ட்டுக்குத் துணிப்பட்டையின் முனையை நீர்த்த வெள்ளைப் பசையில் தொட்டுக் காயவிட்டு, சாய்வாக வெட்டுங்கள். விறைத்த அந்தக் கூர்முனை பக்கிளுக்குள் ஊசியில் நூல் போல நுழையும், பிசிறும் வராது. கண்ணாடி பாகங்களின் அருகில் சூப்பர் க்ளூ வேண்டாம்; அதன் ஆவி வெண்படலமாகப் படியும், துடைத்தாலும் போகாது. அங்கே வெள்ளைப் பசையே சரி.

கிளியருக்கு முன், ஒட்டி 48 மணி நேரம் கழிந்த பிறகு, பாடி முழுவதையும் ஈரப் பட்ஸால் துடையுங்கள். டீகால் பசையின் மிச்சம் பழுப்புத் திட்டாகக் கிளியருக்கு அடியில் மாட்டிக்கொண்டால் எடுக்க வழியே இல்லை. லாக்கர் கிளியரின் முதல் இரண்டு கோட்டும் 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து தூவலாக, 15 நிமிட இடைவெளியில் விழ வேண்டும். எடுத்த எடுப்பிலேயே நனைய அடித்தால் தின்னர் டீகாலைச் சுருட்டிவிடும். டூ கே யூரித்தேன் கிளியர் (ஹார்டனர் கலந்து அடிப்பது) ஒரே நாளில் கண்ணாடி போல வரும், ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடியும் காகித முகமூடியும் அதைத் தடுக்கா. அதற்கு ஏற்ற சுவாசக் கவசமும் புகை வெளியேற்றும் வசதியும் இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், லாக்கரே போதும்.

கிளியர் ஒரு வாரம் காய்ந்ததும், டீகால் விளிம்பின் படி தெரியாமல் போகும்வரை 2000, பிறகு 3000 நம்பர் தாளில் தண்ணீரோடு ஒரு சொட்டு சோப்பு விட்டுத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்டைக் கரடிலிருந்து நைசுக்குப் படிப்படியாகக் கொண்டுவாருங்கள். பாடியின் கூரான விளிம்புகளில் பெயிண்ட் எப்போதுமே மெல்லியதாக இருக்கும். இரண்டு தேய்ப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். 1 மி.மீ. டேப்பை விளிம்போடு ஒட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் தேயுங்கள்.

டயர்களின் நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை 400 நம்பர் தாளில் சுற்றித் தேய்த்தால் கோடு போவதோடு, ஓடிய ஸ்லிக்கின் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயரின்) மங்கலும் வந்துவிடும். பக்கவாட்டு எழுத்தை ஸ்டென்சில் வைத்து அடிப்பதானால் எனாமல் வேண்டாம், ரப்பரின் மேல் அது மாதக் கணக்கில் பிசுபிசுக்கும். பழைய கிட்களின் மெத்தென்ற வினைல் டயர்களிலிருந்து கசியும் எண்ணெய், காலப்போக்கில் பிளாஸ்டிக் ரிம்மையே கரைக்கும். டயர் தொடும் வளையத்தில் இரண்டு கோட் பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.