வார்னிஷ் பூசிய சவப்பெட்டி

பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் மாடல்களில் கடையில் நான் கேட்டது ஏதாவது சுலபமான விமானம். கிடைத்தது லாக்-3, இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் போர் விமானம். அட்டையில் 1/72 அளவு என்று போட்டிருந்தது. அதாவது நிஜத்தில் 9.8 மீட்டர் விரியும் இறக்கை, என் சாப்பாட்டு மேசையில் பதின்மூன்றரை சென்டிமீட்டர். தோசைக்கரண்டி நீளம்கூட இல்லை, இதில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது?

லாவோச்கின், கோர்புனோவ், குத்கோவ் என்று மூன்று பேர் சேர்ந்து வடிவமைத்ததால் லாக். அலுமினியத்துக்குப் பஞ்சமான காலம் என்பதால் உடம்பு பெரும்பாலும் மரம். பிர்ச் மரச் சீவல்களைப் பிசினில் ஊறவைத்து அழுத்திய பலகையும் அதில் உண்டு. உறுதிதான், ஆனால் கனம். எஞ்சினுக்கு அந்தக் கனத்தை இழுக்கிற தெம்பு இல்லை. கடுப்பான விமானிகள் அந்த எழுத்துகளுக்கு வேறு விரிவு சொன்னார்களாம்: 'லக்கிரோவான்னி கரன்திரோவான்னி குரோப்'. வார்னிஷ் பூசிய, உத்தரவாதமுள்ள சவப்பெட்டி. படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன்.

முதல் நாள், பாகங்களை நகவெட்டியால் வெட்டி எடுத்தேன். (அதற்கென்று தனி கட்டர் உண்டு. என்னிடம் இல்லை.) மூன்றாவது வெட்டில் ஏரியல் கம்பம் 'டிக்'கென்று தெறித்தது. அரிசியில் பாதி பருமன். சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடியதில் இரண்டு ஒரு ரூபாய் நாணயம், பையனின் ரப்பர், மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு எல்லாம் அகப்பட்டன. கம்பம் போனது போனதுதான்.

மறுநாள் விமானி அறைக் கண்ணாடி. செருப்பு ஒட்டுகிற சூப்பர் குளூவை வைத்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் அதன் ஆவி படிந்து கண்ணாடியின் உள்பக்கம் ஒரே மூடுபனி. ஒட்டியாயிற்று, இனி எங்கே துடைப்பது?

பெயின்ட் மட்டும் அருமையாக வந்தது. மேலே பச்சையும் கறுப்பும், அடியில் வெளிர்நீலம். சிவப்பு நட்சத்திர ஸ்டிக்கர்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தி உட்கார வைத்தேன். ஒன்றே ஒன்று மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டது. சரி, அதோடு நிறுத்தியிருக்கலாம். மேட் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு போய் அசல் மாதிரி இருக்குமே என்று ஆசை. வெளியே ஐப்பசி அடைமழை. கொடியில் துணி மூன்று நாளாகக் காயவில்லை. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஈரக்காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்கக் கூடாதாம். அடித்த பத்தாவது நிமிடம், விமானம் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது.

அம்மா கிட்டே வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "ஏன்டா, ப்ளேனுக்கு விபூதி பூசியிருக்க?"

அன்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய போர்க்காலப் படங்களை மேய்ந்துகொண்டிருந்தேன். 1941-42 குளிர்காலத்தில் சோவியத் விமானங்களின் மேல் வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறார்கள், பனித்தரையில் நின்றால் மேலிருந்து தெரியக் கூடாது என்று. காற்றும் எஞ்சின் புகையும் பட்டு அது தேய, அடியிலிருந்த பச்சை திட்டுத்திட்டாக எட்டிப் பார்க்கிறது. எழுந்துபோய் விளக்கைப் போட்டு என் விமானத்தைப் பார்த்தேன். அச்சு அசல் அதே. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பனிக்கால பெயின்டா மாப்ள? எப்படி இவ்வளவு நேச்சுரலா வந்துச்சு?"

"கொஞ்சம் பொறுமை வேணும் மச்சான்."

"கண்ணாடில கூட உறைபனி வச்சிருக்கீங்களே!"

"சின்னச் சின்ன விஷயத்துலதான் இருக்கு."

"ஏரியலைக் காணோம்?"

"அப்போ நிறைய ரஷ்ய விமானத்துல ரேடியோவே கிடையாது மச்சான்." இது உண்மைதான், சத்தியமாக.

மச்சான் மலைத்துப்போய் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அந்த விபூதி ப்ளேனைத்தானே கேக்கறார்?"